80 பைசா மீதி

பில் போன அன்று காலை பத்து மணிக்கு மூன்றாம் மாடி அம்மாள் படியிறங்கி வந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கும் பொறுமை அவருக்கு இல்லை. கையில் செல்போன். கண்ணாடியை மேலே தூக்கி, போனைக் கைநீட்டத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "பாய் சாஹப், இது என்ன தொகை?" என்று கேட்டார். திரையில் இருந்தது 2450310. கமா இல்லை, புள்ளி இல்லை. எண்ணிப் பார்த்தால் இருபத்து நான்கு லட்சத்து ஐம்பதாயிரத்து முன்னூற்றுப் பத்து ரூபாய். ஒரு மாதப் பராமரிப்புக் கட்டணம்.

அது 2021 ஜூலை. கிழக்கு டெல்லியில், யமுனைக்கு அந்தப் பக்கம், 96 வீடுகள் கொண்ட ஒரு கூட்டுறவு வீட்டு வசதி சங்கம். அந்த பில்லைத் தயாரித்தவர் சங்கத்தின் பொருளாளர். கும்பகோணத்துக்காரர். 1976-ல் டெல்லிக்கு வந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 36 ஆண்டுகள் உட்கார்ந்து, 2012-ல் ஓய்வு பெற்றவர். அவர் போட்ட கூட்டலில் ஆடிட்டர்கள் தவறு கண்டுபிடித்ததில்லை என்பது அவரது ஒரே பெருமை. அந்தப் பெருமைக்கு 69-வது வயதில் ஆபத்து வந்தது.

மற்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி, "செக்காகத் தரட்டுமா, ரொக்கமாகத் தரட்டுமா?" என்று செய்தி அனுப்பினார். பஞ்சாபி அம்மாளால் சிரிக்க முடியவில்லை. ஏப்ரலில்தான் அவருடைய கணவர் இறந்திருந்தார். டெல்லியில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஜனங்கள் அலைந்த அந்த ஏப்ரல். வீட்டு வரவு செலவு முழுவதும் கணவர் கையில் இருந்தது. எதற்கு எவ்வளவு, யாருக்கு என்ன பாக்கி என்று அம்மாளுக்குத் தெரியாது. எண்ணைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது ஒன்றுதான்: மனிதர் சொல்லாமல் ஏதோ பெரிய கடனை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பொருளாளர் தன் பதிவேட்டைத் திறந்தார். பராமரிப்பு 2450. தண்ணீர் 310. பென்சிலால் கூட்டினார். 2760. "இவ்வளவுதான் ஆன்ட்டிஜி, மிஷின் தப்பு பண்ணிவிட்டது" என்றார். அம்மாள் பதிவேட்டையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நம்பியும் நம்பாமலும் படியேறிப் போனார்.

தப்பு பண்ணியது மிஷின் இல்லை என்பது பொருளாளருக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

ஒரு குறி, இரண்டு வேலை

கொரோனா காலத்தில் காகித பில்லைத் தொட யாரும் தயாராக இல்லை. பில்லை போனுக்கே அனுப்பலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. சாஃப்ட்வேர் வாங்கப் பணம் கேட்டபோது குழு மௌனம் காத்தது. அவருடைய பேத்தி இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. கல்லூரி மூடியிருந்ததால் வீட்டிலேயே இருந்தாள். "ஜாவாஸ்கிரிப்ட் கத்துக்கோங்க தாத்தா. உங்களுக்குக் கணக்குத் தெரியும். அது போதும்" என்றாள். அது போதவில்லை.

தாத்தா மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எடுத்தார். கூட்டலுக்குக் கூட்டல் குறி, கழித்தலுக்குக் கழித்தல் குறி. பெருக்கலுக்கு நட்சத்திரம், வகுத்தலுக்குச் சாய்கோடு. 2450 + 310 என்று புரோகிராமிலேயே எழுதிப் பார்த்தார். 2760 வந்தது. பிறகு தொகையைத் தட்டுவதற்குத் திரையில் இரண்டு பெட்டிகள் வைத்தார். முன்கூட்டியே பணம் கட்டுபவர்களுக்கு 100 ரூபாய் தள்ளுபடி உண்டு. அதைக் கழித்துப் பார்த்தார், 2350. சரி. ஆறு மாதப் பராமரிப்பைப் பெருக்கிப் பார்த்தார், 14700. சரி. கூட்டலைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே என்று விட்டுவிட்டார். 36 வருஷம் கணக்கில் இருந்தவர் கூட்டலையா மறுபடி சோதிப்பார்?

"தாத்தா, பெட்டியில நீங்க தட்டினது நம்பர்னு யார் சொன்னா?" என்று கேட்டாள் பேத்தி.

"2450 நம்பர் இல்லாம வேற என்ன?"

"அது எழுத்து. ரெண்டு, நாலு, அஞ்சு, பூஜ்யம்னு நாலு எழுத்து. கீபோர்டுல இருந்து வர்றதெல்லாம் முதல்ல எழுத்தாத்தான் வரும்."

விஷயம் இதுதான். இந்த மொழியில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலை. இரண்டு பக்கமும் எண் இருந்தால் கூட்டும். ஏதாவது ஒரு பக்கம் எழுத்துச் சரம் இருந்தாலும் கூட்டாது, ஒட்டும். 2450-க்குப் பக்கத்தில் 310-ஐ ஒட்டினால் 2450310. கழித்தல், பெருக்கல், வகுத்தல் குறிகளுக்கு அந்த இரண்டாவது வேலை கிடையாது. எழுத்திலிருந்து எழுத்தைக் கழிக்க முடியாதல்லவா? அதனால் அவை, கையில் கிடைத்த எழுத்தைத் தாமாகவே எண்ணாக மாற்றிக்கொண்டு கணக்குப் போடும். அவருடைய சோதனையில் கழித்தலும் பெருக்கலும் தேறியதற்கும் கூட்டல் மட்டும் கவிழ்ந்ததற்கும் காரணம் இதுவே.

கிழவருக்குக் கோபம் வந்தது. "ஒரே குறிக்கு ரெண்டு அர்த்தமா? எந்தப் புண்ணியவான் இதைச் செஞ்சான்?"

புண்ணியவானின் பெயர் பிரெண்டன் ஐக். 1995 மே மாதம், அமெரிக்காவின் நெட்ஸ்கேப் கம்பெனியில், பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை அவர் எழுதி முடித்தார். முதலில் மோக்கா என்று பெயர், பிறகு லைவ்ஸ்கிரிப்ட். அந்த டிசம்பரில்தான் ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. வெப் பக்கம் எழுதுபவர் பெரிய புரோகிராமராக இருக்கமாட்டார், அவருடைய சிறு தவறுகளை மொழி பொறுத்துப் போக வேண்டும் என்பது எண்ணம். பொறுத்துப் போகிற மனிதர்களிடம் வரும் தொல்லை இந்த மொழியிலும் வந்தது: தவறு நடந்தால் வாயைத் திறப்பதில்லை.

கூட்டல் குறியால் எழுத்தை ஒட்டுவது ஐக்கின் கண்டுபிடிப்பு அல்ல. ஜாவாவிலும் உண்டு. ஆனால் அங்கே எது எண், எது எழுத்து என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தாக வேண்டும். 1987-ல் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால் வேறு வழியில் போனார். ஒட்டுவதற்கு ஒரு புள்ளியை வைத்தார். கூட்டல் குறி கூட்டுவதற்கு மட்டும். பின்னால் வந்த பி.எச்.பி.யும் புள்ளியையே எடுத்துக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இனி மாற்ற முடியாது. 1997-ல் அதற்கு முறையான தர வரையறை வந்துவிட்டது. மாற்றினால், பழைய குறியை நம்பி உலகம் முழுவதும் எழுதப்பட்டிருக்கும் பக்கங்கள் படுத்துவிடும்.

பேத்தி சொன்ன பரிகாரம் சுலபமானது. பெட்டியிலிருந்து வருவதை எண்ணாக மாற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். தாத்தா மாற்றினார். 2760 வந்தது. திருப்தியாக, அதற்கு முன்னால் "மொத்தம்:" என்ற சொல்லைச் சேர்த்தார். திரையில் "மொத்தம்: 2450310" என்று மறுபடியும் அதே பூதம். இந்த மொழி கூட்டலை இடமிருந்து வலமாகப் போடும். முதலில் "மொத்தம்:" என்ற சொல்லோடு 2450-ஐ ஒட்டிவிடுகிறது. அது எழுத்தாகிவிடுகிறது. அடுத்து வரும் 310-ம் அதோடு ஒட்டிக்கொள்கிறது. அதே சொல்லைப் பின்னால் போட்டு "ரூபாய்" என்று முடித்திருந்தால் கூட்டல் முதலில் நடந்து 2760 ரூபாய் என்று ஒழுங்காக வந்திருக்கும். முன்னால் போட வேண்டுமென்றால் கூட்டலைச் சுற்றி அடைப்புக்குறி தேவை. நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்: "அடைப்புக்குறிக்குச் சோம்பல்படாதே."

சதவீதம் இல்லாத சதவீதக் குறி

தவறு ஒன்றோடு நிற்கவில்லை. தாமதமாகக் கட்டுபவர்களுக்கு 12 சதவீத அபராதம் என்பது சங்கத்தின் விதி. கீபோர்டில் சதவீதக் குறி இருக்கிறதே என்று அவர் 2450 % 12 என்று எழுதியிருந்தார். 294 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 2 ரூபாய் வந்தது. பாக்கி வைத்திருந்தவர்கள் பொருளாளரைப் புகழ்ந்தார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் அந்தக் குறிக்கும் சதவீதத்துக்கும் சம்பந்தமில்லை. அது வகுத்தபின் கிடைக்கும் மீதியைச் சொல்லும் குறி. 2450-ஐ 12-ஆல் வகுத்தால் ஈவு 204, மீதி 2. சதவீதம் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தில் போட்டது போல 12-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்துத்தான் ஆக வேண்டும்.

சமக் குறியும் அவரைச் சோதித்தது. இருப்பு = இருப்பு + வரவு என்று புரோகிராமில் எழுதச் சொன்னபோது, அல்ஜீப்ரா படித்தவர்கள் திடுக்கிடுவார்கள். வரவு பூஜ்யமாக இருந்தாலொழிய அது எப்படிச் சமமாகும்? அவர் திடுக்கிடவில்லை. "இது பழைய இருப்போட வரவைச் சேர்த்துப் புது இருப்புன்னு எழுதறது. கேஷ் புக்ல தினம் செஞ்சதுதானே" என்றார். இங்கே ஒற்றைச் சமக் குறி, வலது பக்கம் இருப்பதை இடது பக்கப் பெயரில் எழுதி வை என்ற கட்டளை. இரண்டும் சமமா என்று கேட்க வேண்டுமானால் மூன்று சமக் குறிகள் போட வேண்டும். கணக்குப்பிள்ளைகளுக்கும் குறிகளுக்கும் பழைய உறவு உண்டு. கூட்டல், கழித்தல் குறிகள் அச்சில் முதலில் தோன்றியதே 1489-ல் ஜெர்மனியில் யோஹன்னஸ் விட்மன் எழுதிய வியாபாரக் கணக்குப் புத்தகத்தில்தான்.

கமாவும் காலை வாரியது. இந்தியர்கள் 2,450 என்றுதான் எழுதுவார்கள். கமாவோடு தட்டினால் இந்த மொழி அதை எண்ணாக ஏற்பதில்லை. "எண் அல்ல" என்று பொருள்படும் நேன் என்ற மூன்றெழுத்துச் சொல்லைத் திரையில் காட்டுகிறது. மாற்றுவதற்கான இன்னொரு கருவியான பார்ஸ்இன்ட் அதைவிட ஆபத்து. அது கமா வரை படித்துவிட்டு நின்றுவிடும். 2,450 ரூபாய் 2 ரூபாயாகிவிடும், எந்த முணுமுணுப்பும் இல்லாமல். வேடிக்கைக்காகத் தாத்தா ௨ என்று தமிழ் எண்ணைத் தட்டிப் பார்த்தார். அதுவும் எண் அல்ல என்று பதில் வந்தது. இந்த "எண் அல்ல" என்பதன் குணம் விசித்திரமானது. எதனுடன் கூட்டினாலும், பெருக்கினாலும் அதையும் "எண் அல்ல" ஆக்கிவிடும். தனக்குத் தானே சமமா என்று கேட்டால்கூட இல்லை என்று சொல்லும். ஆனால் அது என்ன வகை என்று மொழியைக் கேட்டால், எண் வகை என்று பதில் வரும்.

ஒரு நாள் வீடுகளின் எண்ணிக்கையைத் தட்ட மறந்துவிட்டார். காலிப் பெட்டியை மொழி பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. லிஃப்ட் பழுதுபார்த்த செலவை பூஜ்யத்தால் வகுத்து, ஒவ்வொரு வீட்டின் பங்கு "இன்ஃபினிட்டி" என்று அறிவித்தது. அவருக்கு இது புதிதல்ல. பூஜ்யத்தால் வகுத்தால் கிடைப்பதைக் கஹரம் என்று அழைத்து, எதைச் சேர்த்தாலும் எடுத்தாலும் மாறாத அனந்தம் அது என்று 12-ம் நூற்றாண்டிலேயே பாஸ்கராசாரியார் சொல்லிவிட்டார். அவருக்கு முன்னால், கி.பி. 628-ல், பிரும்மகுப்தர் பூஜ்யத்தை பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யமே என்று எழுதினார். ஜாவாஸ்கிரிப்ட் முதல் விஷயத்தில் பாஸ்கரர் பக்கம். இரண்டாவதில் பிரும்மகுப்தரை ஏற்பதில்லை. பூஜ்யத்தை பூஜ்யத்தால் வகுத்தால் "எண் அல்ல" என்கிறது.

வித்தியாசம்: 0.00

உண்மையான அடி செப்டம்பரில் விழுந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் பூங்காவில், நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு நடந்தது. பொருளாளர் தன் பக்கத்தைப் பெரிய திரையில் காட்டினார். ரசீதுகளின் கூட்டுத்தொகையும் பதிவேட்டின் மொத்தமும் சமமாக இருந்தால் "கணக்கு சரி" என்றும், இல்லையென்றால் வித்தியாசம் எவ்வளவு என்றும் காட்டும்படி எழுதியிருந்தார். எல்லோர் முன்னிலையிலும் பட்டனை அழுத்தினார்.

"கணக்கில் வித்தியாசம் உள்ளது. வித்தியாசம்: 0.00 ரூபாய்" என்றது திரை.

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. "அந்த 0.00-ஐ எடுத்தது யார் என்று விசாரணைக் குழு போடலாம்" என்றார் ஒருவர். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் இன்னொருவர் சிரிக்காமல் கேட்டார்: "வித்தியாசம் இல்லையென்றால் மிஷின் ஏன் இருக்கிறது என்று சொல்கிறது? எதையோ மறைக்கிறீர்களா?" கடைசி வரிசையில் மூன்றாம் மாடி அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஜூலை மாதத்துக் கலவரம் திரும்பி வந்ததைப் பொருளாளர் பார்த்தார். மற்றவர்களின் சிரிப்பை விட அதுதான் அவரை வீட்டுக்கு வந்த பிறகும் சாப்பிட விடவில்லை.

அன்றிரவு பேத்தி கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி எழுதிக் காட்டினாள்: 0.1 + 0.2. பதில் 0.3 இல்லை. 0.30000000000000004. அடுத்து 0.1-ஐப் பத்து தடவை கூட்டிக் காட்டினாள். ஒன்று வரவில்லை. 0.9999999999999999 வந்தது. திரையில் இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கிக் காட்டினால் வித்தியாசம் 0.00. ஆனால் மூன்று சமக் குறிகள் போட்டு "சமமா?" என்று கேட்டால், கம்ப்யூட்டர் சுருக்காத எண்ணைப் பார்த்து இல்லை என்கிறது. அது பொய் சொல்லவில்லை.

காரணத்தைப் பேத்தி தன் பாடப்புத்தக மொழியில் சொன்னாள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது பாதி போடுவது மட்டும். ஒன்றில் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. இந்தப் பாதிகளைச் சேர்த்து எழுத முடிகிற பின்னம் துல்லியமாக நிற்கும். பத்தில் ஒன்றை அப்படி எழுத முடியாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் 0.333 என்று எழுதிக்கொண்டே போவதைப் போல அதுவும் முடிவில்லாமல் போகும். கம்ப்யூட்டரிடம் ஓர் எண்ணுக்கு இருப்பது 64 பிட் இடம். அதில் அடங்காததை, அடங்கக்கூடிய மிக அருகிலுள்ள எண்ணுக்கு அது திருத்திவிடும். 1985-ல் வகுத்த சர்வதேசத் தரமும் அப்படித்தான் சொல்கிறது. அதன் முக்கியச் சிற்பியான வில்லியம் கஹனுக்கு 1989-ல் டூரிங் விருது கிடைத்தது. ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமல்ல, பெரும்பாலான மொழிகள் தசமப் புள்ளி எண்களை இப்படித்தான் வைத்திருக்கின்றன.

தாத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம்" என்றார். "இதானே நீ சொல்ற பாதி?" அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்த பின்ன வாய்ப்பாடு. அரைக்கால் எட்டில் ஒன்று. வீசம் பதினாறில் ஒன்று.

"ஆமா தாத்தா. அதெல்லாம் கம்ப்யூட்டருக்குச் சரியா வரும்."

"அப்போ அணா சரியா வரும்."

ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா ஒரு வீசம், 0.0625. பேத்தி மூன்றணாவையும் ஐந்தணாவையும் கூட்டிப் பார்த்தாள். 0.1875 + 0.3125. துல்லியமாக 0.5, எட்டணா. காலணாவும் ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான், அதுவும் துல்லியம். 1957 ஏப்ரல் 1-ம் தேதி அணா போய், ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்தது. கடைக்காரனுக்கும் பள்ளிக்கூடப் பையனுக்கும் அது சௌகரியம். ஆனால் கம்ப்யூட்டருக்குப் பைசா பிடிப்பதில்லை. ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது பைசா வரை எழுதினால் 25, 50, 75 ஆகிய மூன்று மட்டுமே அதற்குத் துல்லியமாக விளங்கும்.

அப்பாவின் கால் காசு

அவருடைய அப்பா கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்குப்பிள்ளை. நயா பைசா வந்தபோது இவருக்கு ஐந்து வயது. நடந்ததைப் பின்னால் அப்பா சொல்லிக் கேட்டதுதான். ஓர் அணாவுக்கு ஆறே கால் நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. அதனால் ஓரணாச் சாமானுக்கு ஆறு பைசா வாங்கினார்கள். நாலு பேர் தனித்தனியாக ஓரணாச் சாமான் வாங்கினால் 24 பைசா. ஒருவரே நாலணாவுக்கு வாங்கினால் 25. சரக்கு ஒன்று, விலை ஒன்று, கல்லாவில் மட்டும் ஒரு பைசா குறைகிறது. "போகட்டும் விடுய்யா" என்றார் முதலாளி. அப்பா விடவில்லை. பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் தனித் தலைப்பு போட்டு, ஒவ்வொரு நாளும் விழுந்த கால் பைசாக்களை எழுதி வைத்தார். "காசு போனா போகட்டும். எங்கே போச்சுன்னு எழுதியிருக்கணும்" என்பது அவருடைய வாதம்.

அப்படி எழுதாமல் விட்டதன் விலையை ஓர் ராணுவம் கொடுத்திருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். தடுக்க வேண்டிய பேட்ரியட் கருவி அதைக் குறி பார்க்கவேயில்லை. அந்தக் கருவியின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்றைத் தனக்கிருந்த 24 பிட் இடத்தில் வெட்டி வைத்திருந்தது. ஒவ்வொரு வெட்டிலும் விழுந்த துணுக்கு கண்ணுக்குத் தெரியாதது. கருவி நூறு மணி நேரம் அணைக்கப்படாமல் ஓடியதில் அது வினாடியில் மூன்றில் ஒரு பங்காகச் சேர்ந்துவிட்டது. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

பாத்திரக்கடைக் கணக்குப்பிள்ளையின் மகன் தன் பக்கத்தை முதலிலிருந்து திருப்பி எழுதினார். ரூபாயை அறவே ஒழித்தார். எல்லாத் தொகையும் உள்ளே பைசாவாகவே இருக்கும். பைசா முழு எண். முழு எண்ணைப் பொறுத்தவரை ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரை ஓர் இம்மி பிசகாது. பைசாக் கணக்கில் அது சுமார் 90 லட்சம் கோடி ரூபாய். 96 வீட்டுச் சங்கத்துக்குத் தாராளம். பில்லில் அச்சிடும்போது மட்டும் கடைசியாக நூறால் வகுத்து ரூபாயாகக் காட்ட வேண்டும்.

அங்கேயும் ஒரு குழி இருந்தது. 4.35 ரூபாயை நூறால் பெருக்கினால் 435 வரும் என்று நினைப்போம். இங்கே 434.99999999999994 வருகிறது. தசமத்தை வெட்டி எறிந்தால் 434 பைசாதான் மிஞ்சும். ஒரு பைசா காணாமல் போய்விடும். வெட்டக் கூடாது. அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்த வேண்டும். அதற்கான ரவுண்ட் என்ற கட்டளையைச் சேர்த்தார். கமாவை முதலில் நீக்கும் வரியையும், காலிப் பெட்டியைக் கண்டால் நிற்கும் வரியையும் சேர்த்தார்.

பிறகு லிஃப்ட் செலவு. 18,500 ரூபாயை 96 வீட்டுக்குப் பகிர வேண்டும். 18,50,000 பைசாவை 96-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 19,270 பைசா, அதாவது 192 ரூபாய் 70 பைசா. முன்பு அபராதத்தில் அவரைக் கவிழ்த்த சதவீதக் குறி இப்போது உதவிக்கு வந்தது. மீதி எவ்வளவு என்று கேட்டார். 80 என்றது. 96 வீட்டிலும் வசூலித்த பிறகு 80 பைசா குறையும்.

"யார் தலையிலாவது போட்டுடுங்க தாத்தா. 80 பைசாவுக்கு என்ன கிடைக்கும்?" என்றாள் பேத்தி. ஐம்பது பைசாவுக்குக் கீழான காசுகள் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன என்பதும் அவளுக்குத் தெரியும். தாத்தா கேட்கவில்லை. பில்லின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: "பகிர முடியாத மீதி 80 பைசா, சங்கக் கணக்கில்."

அடுத்த குழுக் கூட்டத்தில் புதிய பக்கத்தைப் போட்டுக் காட்டினார். "கணக்கு சரி" என்று வந்தது. செப்டம்பரில் சந்தேகம் கேட்டவர் அடி வரியைப் பார்த்துவிட்டு, "இந்த 80 பைசா எதற்கு?" என்றார். பொருளாளர் விளக்கினார். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் மாடிக்கு மட்டும் பொருளாளர் நேரில் போனார். கையில் காகித பில், பதிவேடு, பென்சில். அம்மாள் கணவரின் பழைய டயரியை எடுத்து வந்து வைத்தார். "உண்மையில் அவர் ஏதாவது பாக்கி வைத்திருக்கிறாரா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். ஜூலையிலிருந்து கேட்க நினைத்து, கேட்காமல் இருந்த கேள்வி. இருவரும் மாதம் மாதமாகப் பார்த்தார்கள். மார்ச் கடைசியில், நோய் வருவதற்கு முன்னால், அந்த மனிதர் ஜூன் வரைக்கும் மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தார். தள்ளுபடியை மறக்காமல் கழித்துக்கொண்டு. ஜூலையிலிருந்து அம்மாள் கட்டியவையும் சரியாக இருந்தன.

பொருளாளர் டயரியின் ஓரத்தில் கூட்டி, கழித்து, கோடு போட்டுக் கீழே பூஜ்யம் எழுதினார். பக்கத்தில் ஒரு டிக்.

இப்போதும் அந்தச் சங்கத்தின் பில்கள் போனுக்குத்தான் போகின்றன. மூன்றாம் மாடிக்கு மட்டும் காகிதத்தில் ஒன்று, பென்சில் டிக்குடன். மிஷின் சரியாகத்தான் போடுகிறதே, பிறகு எதற்கு இது என்று பேத்தி ஒருமுறை கேட்டாள். "மிஷின் அன்னிக்கும் சரியாத்தான் போட்டுது" என்றார் தாத்தா.